இரண்டு சீட்டுகள்

என் மேஜை இழுப்பறையில் இரண்டு மருந்துச் சீட்டுகள் இருபது வருஷத்துக்கும் மேலாகக் கிடந்தன. இரண்டும் ஒரே ஆளுக்கு எழுதிக் கொடுத்தவை. ஒன்று சென்னையில் எழுதியது. மற்றது எங்கள் ஊரில் எழுதியது. நடுவே ஐந்து மாத இடைவெளி. எழுதிய டாக்டர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர்கள் எழுதிய மருந்துகள் மட்டும் ஒரு வாலிபனுடைய வயிற்றுக்குள் சந்தித்துக்கொண்டன. மருந்தும் மருந்தும் சந்திப்பதில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான்.

முதலியார்பேட்டையில் கடலூர் ரஸ்தாவை ஒட்டிய எங்கள் தெரு ஆலைக்காரர்களின் தெரு. ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொன்ன ஏ.எப்.டி. ஆலையின் சங்கைக் கேட்டுத்தான் பல வீடுகளில் உலை ஏற்றுவார்கள். 1936 ஜூலை 30-ம் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு சர்க்காரின் ஆட்கள் சுட்டுப் பன்னிரண்டு பேர் மாண்ட கதையைத் திண்ணையில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அதில் இறங்கினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். இந்தக் கதைக்கு வேண்டியது ஒரு சிறு சங்கதிதான்: பஞ்சுத் தூசியில் பிழைக்கிறவர்களின் தெருவில் இருமலை யாரும் பொருட்படுத்துவதில்லை.

எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டில் நெசவுப் பகுதித் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளைக் கடலூரில் கொடுத்திருந்தார். மகன் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். சாதுவான பையன். என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பான். 2002-ம் வருஷக் கடைசியில் அவனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. எப்படி வந்தது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்டதும் இல்லை. ஊரில் காட்டிக்கொள்ளப் பயந்து சென்னையில் ஒரு டாக்டரிடம் போனான். மூன்று மருந்தை ஒன்றாகச் சேர்த்த மாத்திரை ஒன்று, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாதம் ஆயிரத்துச் சில்லறை ரூபாய். தகப்பனார் ஆலையிலிருந்து வாங்கி வந்த பணம் அதில் கரைந்தது. வீட்டில் தாயாருக்கு மட்டும் தெரியும்.

மறு வருஷம் இருமல் கண்டது. மாலையில் காய்ச்சல். உடம்பு வற்றியது. உள்ளூரில் சளியைச் சோதித்துக் க்ஷயம் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள், கண்ணெதிரே விழுங்க வேண்டும். க்ஷயத்தை மறைக்க அவசியம் இல்லை. எங்கள் தெருவில் அது புதிதும் அல்ல. மற்றதை அவன் அங்கே சொல்லவில்லை. சென்னைக்குப் போகத் தெம்பு இல்லாததால் ஒரு சிநேகிதன் மூலம் மாத்திரையை வரவழைத்துக்கொண்டான். ஆகவே க்ஷயம் வந்த செய்தி அங்கேயும் போகவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் குறைந்தது. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. பிறகு மறுபடி காய்ச்சல், வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை. 2004 தை மாதம் போய்விட்டான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியான்னம் அவன் தாயார் வந்து என் எதிரில் இரண்டு சீட்டையும் வைத்தாள்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. இது ரெண்டும் நல்ல மருந்துதானே? ஒரு வேளை தவறல. நானே தண்ணி மொண்டு குடுத்தேன்."

"நல்ல மருந்துதான் அக்கா" என்று சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்ன பதில் அது. "விசாரிச்சுச் சொல்றேன்" என்று சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

தெருக்கோடியில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது பள்ளிக்கூடம் போனவர். பிரெஞ்சுப் பத்திரிகை எழுத்துக்கூட்டாமல் படிப்பார். அவரிடம் சீட்டுகளைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு சீட்டில் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின். மற்றதில் முதல் வரியே ரிஃபாம்பிசின்.

"இதுங்க ரெண்டும் ஒரே வீட்டுல இருந்துதா?" என்று கேட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்த விசாரணை எனக்குப் பல வருஷம் ஓடியது.

முதலில் ஒரு சந்தேகம் எழும். சேர்ந்தால் சண்டை வரும் என்றால் மருந்துகளை எதற்காகச் சேர்க்க வேண்டும்? வைத்திய உலகம் அதைப் பிடிவாதத்தால் செய்யவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டு செய்தது. க்ஷயத்துக்கு முதல் நிஜமான மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவில் கிடைத்தது. 1948-ல் இங்கிலாந்தில் அதைப் பரீட்சித்தவர்கள் ஓர் அதிசயமும் ஒரு துக்கமும் கண்டார்கள். நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். சில மாதத்தில் பலர் மறுபடி விழுந்தார்கள். கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டிருந்தது. பி.ஏ.எஸ். என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்தது. ஒரு பூட்டைத் திறக்கக் கற்ற திருடன் வேறு விதமான இரண்டாவது பூட்டில் மாட்டிக்கொள்கிற மாதிரிதான்.

இந்த வித்தையை ஏழைகளின் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பார்த்தது நம் சென்னை. 1956-ல் அங்கே க்ஷய வைத்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இப்போதும் இருக்கிறது. பெயர் மட்டும் இரண்டு முறை மாறிவிட்டது. 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவை சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களைக் குடிசையிலேயே விட்டு மருந்து கொடுத்தார்கள். இருவருக்கும் ஒரே கூட்டு மருந்து. குணத்தில் சொல்லும்படியான பேதம் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானபோது உலகத்தில் எத்தனையோ சானடோரியங்களின் அஸ்திவாரம் ஆடியது. நல்ல காற்றும் முட்டையும் பாலும் செய்யாததைச் சேர்ந்து சாப்பிட்ட மாத்திரைகள் செய்தன.

எச்.ஐ.வி. விஷயத்திலும் அதே பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. வைரஸை 1983-ல் கண்டவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொன்டாஞ்ஞே இருவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் தேசத்தில் அது இருப்பதை 1986-ல் கண்டவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். நிர்மலா ரத்த மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, ராத்திரி ரயிலில் வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கிறது. 1987-ல் ஜிடோவுடின் என்ற முதல் மருந்து வந்தது. தனியாகக் கொடுத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் கதையே திரும்பியது. 1996-ல் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் சாகக் கிடந்தவர்கள் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

ஆக, சேர்ப்பதில்தான் உயிர் இருக்கிறது. ஆனால் எதை எதோடு சேர்ப்பது?

கம்பவுண்டர் இதை எனக்கு விளக்கியது எங்கள் ஊருக்கே உரிய முறையில். 1954-க்கு முன் புதுச்சேரி எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்தன. பிரெஞ்சு எல்லையிலிருந்து இந்திய எல்லைக்குள் போகிற மூட்டையை நிறுத்திப் பிரித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். சரக்கில் கொஞ்சம் அங்கேயே நின்றுவிடும். நம் உடம்பில் ஈரல்தான் அந்தச் சாவடி என்றார். விழுங்கிய மருந்து குடலிலிருந்து ஈரல் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. ஈரலில் உள்ள என்ஸைம்கள் அதை உடைத்துக் கழிக்கின்றன. இவ்வளவு கழியும், மிச்சம் இவ்வளவு போய்ச் சேரும் என்று கணக்குப் பார்த்துத்தான் இருநூறு மில்லிகிராம், முந்நூறு மில்லிகிராம் என்று மாத்திரை செய்கிறார்கள். கூட வருகிற இன்னொரு மருந்து அந்தச் சேவகர்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ, அவர்களைத் தூங்கவைத்தாலோ கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

தூங்கவைக்கிற மருந்துக்குப் பெயர் ரிடோனாவிர். 1996-ல் எய்ட்ஸ் மருந்தாகவே வந்தது. முழு அளவில் சாப்பிட்டால் வாந்தியும் பேதியும் ஆளைப் படுத்திவிடும். ஆனால் அது ஈரலின் என்ஸைமை அடக்கிவிடுகிறது என்று தெரிந்துபோயிற்று. சாக்வினாவிர் என்ற இன்னொரு மருந்து ரத்தத்தில் சேராமலே வீணாகிக்கொண்டிருந்தது. துளி ரிடோனாவிரைக் கூட அனுப்பினால் அது பல மடங்கு ரத்தத்தில் ஏறியது. அதற்குப் பிறகு ரிடோனாவிரைத் தனி மருந்தாகக் கொடுப்பது போய், மற்ற மருந்துகளுக்குத் துணையாக நூறு மில்லிகிராம் சேர்ப்பது வழக்கமாயிற்று. 2000-ல் லோபினாவிரோடு ஒரே மாத்திரையாகக் கட்டினார்கள். 2021-ல் கோவிட்டுக்கு வந்த ஒரு மாத்திரையிலும் இதே ரிடோனாவிர் துணைக்கு வந்தது. மருந்துகளின் சண்டையை உபகாரமாகத் திருப்பிக்கொண்ட கெட்டிக்காரத்தனம் என்று இதைச் சொல்ல வேண்டும்.

எய்ட்ஸ் மருந்துகளுக்குள்ளேயே ஒத்துப்போகாத ஜோடிகளும் உண்டு. ஜிடோவுடினும் ஸ்டாவுடினும் கிட்டத்தட்ட ஒரே ஜாதிச் சரக்கு. இரண்டும் உயிரணுவுக்குள் போய் ஒரே என்ஸைமிடம் முத்திரை வாங்கினால்தான் வேலை செய்யும். முத்திரையை ஜிடோவுடின் பிடித்துக்கொள்ளும். ஸ்டாவுடின் வெளியே நிற்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் பணத்தைக் கொடுத்து ஒன்றை வீணாக்கினார்கள். ஸ்டாவுடினும் டைடனோசினும் வேறு வகை: வைரஸை நன்றாகவே அடக்கும், கூடவே நரம்பையும் கணையத்தையும் கெடுக்கும், ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும். கர்ப்பிணிகள் சிலர் இறந்த பிறகு, 2001-ல் அமெரிக்காவில் இந்த ஜோடியைப் பற்றி எச்சரிக்கை கொடுத்தார்கள். பிற்பாடு டெனோஃபோவிரோடு சேர்த்தாலும் டைடனோசின் ரத்தத்தில் அளவு மீறி ஏறுவதைக் கண்டார்கள். யாரோடும் ஒத்துப்போகாத மருந்து அது. இப்போது அநேகமாக எங்கேயும் கொடுப்பதில்லை.

இனி அந்தப் பையனின் இரண்டாவது சீட்டுக்கு வருகிறேன்.

ரிஃபாம்பிசின் பிறந்த கதை ஒரு நாவலுக்கு ஆகும். 1957-ல் பிரான்ஸின் தென்கடற்கரையில், ஸான் ராஃபேலுக்குப் பக்கத்துப் பைன் தோப்பிலிருந்து கொண்டுபோன ஒரு பிடி மண், இத்தாலியில் மிலான் நகரத்து லெபெதி மருந்துச் சாலைக்குப் போயிற்று. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருளுக்கு, அப்போது ஓடிக்கொண்டிருந்த 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுச் சினிமாவின் பெயரை விளையாட்டாக வைத்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர்தான் ரிஃபாமைசின், ரிஃபாம்பிசின் என்று நிலைத்தது. இதைப் படித்துவிட்டுக் கம்பவுண்டரிடம் சொன்னேன். "ரிஃபிஃபின்னா என்னன்னு தெரியுமா? கொச்சை பிரெஞ்சுல அடிதடின்னு அர்த்தம்" என்று சிரித்தார். சிரித்த மனிதர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

க்ஷயத்துக்கு அதைவிடச் சிறந்த மருந்து இன்னும் வரவில்லை. ஒன்றரை வருஷ வைத்தியத்தை ஆறு மாதமாக்கியது அதுதான். ஆனால் சுங்கச் சேவகர்களை வரிசை வரிசையாக வேலைக்கு அமர்த்துவதில் அதற்கு நிகர் கிடையாது. 1971-லேயே ஜெர்மனியில் இதற்குத் துப்புக் கிடைத்துவிட்டது: கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் மாதவிலக்குத் தாறுமாறாகிறது என்று டாக்டர்கள் கவனித்தார்கள். இரண்டு வாரம் சாப்பிட்டால் ஈரலில் என்ஸைம் முழுப் பலத்தோடு பெருகிவிடும். மருந்தை நிறுத்தின பிறகும் அது அடங்க இரண்டு வாரம் ஆகும். லோபினாவிரில் முக்கால் பங்கை அது அழித்துவிடும். நெவிராபினையும் விடுவதில்லை.

நம் தேசத்தில் இந்த இரண்டும் சந்திப்பது தற்செயல் அல்ல. எச்.ஐ.வி. உள்ளவர்களை இங்கே முதலில் பிடிப்பது க்ஷயம்தான். தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய க்ஷய சானடோரியமே பிற்காலத்தில் எய்ட்ஸ் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்த இடம் ஆயிற்று. மருந்து நமக்கு எட்டியதும் நெவிராபின் இருந்த கூட்டின் மூலமாகத்தான். மேல்நாட்டில் வருஷத்துக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விற்ற வைத்தியத்தை, 350 டாலருக்குத் தருவதாக 2001 பிப்ரவரியில் பம்பாய் சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீத் ஒரு வைத்திய தர்ம ஸ்தாபனத்துக்குச் சொன்னார். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் மூன்றும் ஒரே மாத்திரையில். அந்த மாத்திரை லட்சக்கணக்கான உயிரைக் காத்தது. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 2004 ஏப்ரல் 1-ந் தேதி மத்திய சர்க்கார் எட்டு ஆஸ்பத்திரிகளில் இலவச வைத்தியம் தொடங்கியபோது, தாம்பரமும் அவற்றில் ஒன்று. எங்கள் பையன் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

க்ஷயம் உள்ளவர்களுக்கு நெவிராபினுக்குப் பதில் எஃபாவிரென்ஸ் கொடுப்பது நல்லது என்ற அபிப்பிராயம் டாக்டர்களிடம் அப்போதே இருந்தது. ஆனால் எஃபாவிரென்ஸ் விலை அதிகம். அத்துடன் பிள்ளை பெறுகிற வயதுப் பெண்களுக்குக் கொடுக்கப் பயந்தார்கள். நெவிராபினே போதாதா என்பது அந்தக் காலத்தில் நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சேத்துப்பட்டு நிலையத்திலிருந்தே வந்தது. ரிஃபாம்பிசின் சேர்ந்தால் நெவிராபின் ரத்தத்தில் ஏறக்குறையப் பாதியாகிறது என்று 2006-ல் அங்கே அளந்து எழுதினார்கள். பிறகு டாக்டர் சௌம்யா சுவாமிநாதன் தலைமையில் பெரிய பரீட்சை ஒன்று நடந்தது. க்ஷயமும் எச்.ஐ.வி.யும் சேர்ந்த நோயாளிகள். ஒரு பிரிவுக்கு எஃபாவிரென்ஸ், மற்றதற்கு நெவிராபின், இரண்டுமே நாளுக்கு ஒரு வேளை. 116 பேர் சேர்ந்த நிலையில் மேற்பார்வைக் குழு பரீட்சையை நிறுத்திவிட்டது. ஆறு மாதத்தில் எஃபாவிரென்ஸ் சாப்பிட்ட 59 பேரில் 50 பேருக்கு வைரஸ் அடங்கியிருந்தது. நெவிராபின் சாப்பிட்ட 57 பேரில் 37 பேருக்குத்தான். முதல் பிரிவில் ஒருவரும் சாகவில்லை. இரண்டாவதில் ஐந்து பேர் இறந்தார்கள். 2011-ல் அச்சாயிற்று.

நெவிராபினுக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. தன்னைக் கழிக்கும் என்ஸைமைத் தானே வளர்த்துக்கொள்ளும் மருந்து அது. அதனால் முதல் பதினான்கு நாள் பாதி அளவுதான் கொடுப்பார்கள். ரிஃபாம்பிசின் ஏற்கெனவே சாவடியை நிரப்பி வைத்திருக்கும் உடம்பில் அந்தப் பாதி எந்த மூலைக்குக் காணும்?

அதே நிலையத்தார் 2009-ல் சொன்ன ஒரு செய்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. எஃபாவிரென்ஸை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும் என்று மேல்நாட்டில் அளவைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். தென்னிந்திய நோயாளிகளிடம் அளந்து பார்த்தால் ரிஃபாம்பிசினால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆளுக்கு ஆள் மாறும் பிறவி அமைப்புத்தான், அதாவது ஓர் என்ஸைமின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதுதான், அளவைத் தீர்மானித்தது. வெள்ளைக்காரன் ஈரலுக்குப் போட்ட கணக்கு நம் ஈரலுக்கு அப்படியே பொருந்தவில்லை. அளந்து பார்க்கச் சென்னையில் ஆள் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

இப்போது நம் தேசத்தில் பெரும்பாலோருக்கும் டோலுடெகிராவிர் உள்ள மாத்திரை. நாளுக்கு ஒன்று. ஆனால் க்ஷயம் வந்தால் பன்னிரண்டு மணி கழித்து இன்னொரு டோலுடெகிராவிர் சேர்க்க வேண்டும். ரிஃபாம்பிசின் பழைய வேலையை இன்னும் விடவில்லை. இரும்புச்சத்து மாத்திரையையோ கால்சியம் மாத்திரையையோ வெறும் வயிற்றில் அதனுடன் விழுங்கினாலும் மருந்து வயிற்றிலேயே கட்டுப்பட்டு நின்றுவிடும். சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும், இல்லையென்றால் இடைவெளி விட வேண்டும். சர்க்கரை வியாதிக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இரும்பு மாத்திரை நம் வீடுகளில் அலமாரிக்கு அலமாரி கிடக்கிற வஸ்து. அதை யாரும் டாக்டரிடம் மருந்து என்று கணக்கில் சொல்வதில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரிந்த பிறகும் நாலாவது வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? "நீ மொண்டு கொடுத்த தண்ணீரில் ஒரு மாத்திரை இன்னொன்றைத் தின்றுவிட்டது அக்கா" என்றா? கம்பவுண்டரும் தடுத்தார். "இதனாலதான் செத்தான்னு யாரும் சாதிக்க முடியாது தம்பி. நெவிராபினோட பிழைச்சவங்களும் நிறையப் பேர் இருக்காங்க" என்றார். அது உண்மைதான். பரீட்சையிலேயே 57 பேரில் 37 பேர் இருக்கிறார்களே. அவரும் சில வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஆலைச் சங்கும் ஓய்ந்துவிட்டது.

போன மாதம் அந்த அம்மாள் கைத்தடியோடு வந்தாள். வீட்டை விற்றாகிவிட்டது, கடலூரில் மகளோடு போய் இருக்கப் போகிறாளாம்.

"அந்தச் சீட்டு ரெண்டும் உங்ககிட்ட இருக்கா தம்பி?"

இழுப்பறையைத் திறந்து கொடுத்தேன். அப்புறம், ஏதோ தைரியம் வந்து, எல்லாவற்றையும் சொன்னேன். சாவடிக் கதையாகவே சொன்னேன். அவளுக்குச் சாவடி ஞாபகம் இருந்தது. குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்க. வெல அதிகம்."

"எவ்வளவு அதிகம்?"

எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். அவள் மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தாள். வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று எனக்குச் சொன்னாள். பிறகு இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நாலாக மடித்து, சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.